மாடி அறைத் தூண்

சனிக்கிழமை வந்தால் நான் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வேலைக்காரி ஆகிவிடுவேன். தலையில் வெள்ளைத் துணி, கணுக்கால் வரை கம்பளிப் பாவாடை, இடுப்பில் கயிறு. மே மாதத்தில் அந்தக் கம்பளிக்குள் வேகும்போது, அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் சீக்கிரம் செத்தார்கள் என்பதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை என்று தோன்றும்.

பழங்காலத்து வீடு என்று ஊரில் காட்சிக்கு வைத்திருக்கும் சாயக்காரர் வீட்டின் தோட்டம் என் பொறுப்பு. நீலத்துக்கு ஒரு செடி, மஞ்சளுக்கு ஒரு செடி, சிவப்புக்கு ஒரு வேர். பார்வையாளர்களிடம், "சாயம் ஊறணும்னா ஊரார் மூத்திரத்தக் குடம் குடமா வாங்கிக் கொட்டுவாங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்புறம் ரோஜாச் செடி எங்கே என்று கேட்பார்கள். ரோஜாவைப் பிடுங்கி எறிந்தாயிற்று. அது ஆலன் காலத்து ரோஜா இல்லையாம்.

ஆலன்தான் அந்த வீட்டைக் கட்டிய சாயக்காரர். அவரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது, அவர் ஒரு தடவை அரசருக்கு வரி கட்டினார் என்பது மட்டும். மற்றதெல்லாம் ரூபர்ட்டின் கைச்சரக்கு. ரூபர்ட் எங்கள் தொண்டர் குழுவின் தலைவர். லண்டனில் பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சஃபோக் மாவட்டத்தில் எங்கள் சின்ன ஊரைத் தேடி வந்தார். வந்த கையோடு ஊர்ச் சரித்திரத்துக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஆலனுக்கும் ரூபர்ட்டுக்கும் நடுவில் அந்த வீட்டில் மனிதர்கள் இருக்கத்தான் செய்தார்கள். வீட்டை மூன்றாகத் தடுத்து மூன்று ஏழைக் குடும்பங்கள் குடியிருந்தன. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று நகராட்சி அவர்களைக் கிளப்பி வேறிடத்தில் வைத்தது. அதற்கப்புறம் வெகுகாலம் புறாக்கள். பிறகுதான் அறக்கட்டளை வாங்கி, வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று இறங்கியது. சுவர்த் தாளை உரித்தார்கள். செங்கல் அடுப்பைப் பெயர்த்தார்கள். தண்ணீர்க் குழாய், தடுப்புச் சுவர், கொல்லைக் கக்கூஸ், யாரோ ஒருத்தி நட்ட அந்த ரோஜா, எல்லாம் போயிற்று. ஆலனுக்குப் பிறகு அங்கே மூச்சுவிட்டவர்களின் சுவடு எதுவும் மிஞ்சக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனாலும் ஒன்று மிஞ்சிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேவிஸும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கஸ்டர்டு கிண்டிக் கிண்டியே எங்கள் இருவருக்கும் வலது தோள் போனது. அவள் அதிகம் பேச மாட்டாள். போன குளிர்காலத்தில் அவளுடைய அக்கா பெரில் இறந்துபோனாள். இருவரும் கல்யாணம் கட்டாமல் ஒரே வீட்டில் கடைசிவரை இருந்தவர்கள். அடக்கம் முடிந்து சில வாரங்களில் மேவிஸ் என் வாசலில் வந்து நின்றாள்.

"நோரா, உங்க சாயக்காரர் வீட்டுல ஆள் வேணும்னு போட்டிருக்கே. என்னைச் சேத்துக்குவாங்களா?"

"வேஷம் போடணும்டி. உனக்குச் சரிப்படாது."

"எத வேணா போட்டுக்கறேன். வீட்டுல தனியா உக்காந்தா பைத்தியம் பிடிக்குது."

துக்கத்துக்கு மாற்றாக ஏதோ ஒரு வேலை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துச் சேர்த்துவிட்டேன். அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதற்கு முந்தைய கதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

வீட்டைத் திறப்பதற்கு முன் ஒரு காலையில் ரூபர்ட் எங்களை அறை அறையாகக் கூட்டிப் போய்ப் பாடம் நடத்தினார். மாடி அறைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி. நடுவில் நிற்கும் ஓக் மரத் தூணில் பக்கவாட்டாக டார்ச்சைப் பிடித்தார். மரத்தில் கருகிய சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, கண்ணீர்த் துளி வடிவம்.

"இதுதான் நம்ம வீட்டுப் பொக்கிஷம்," என்றார். "மெழுகுவத்தித் தீயால வெச்ச காப்புக் குறி. மரத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் தீ காட்டிட்டா, அப்புறம் பெரிய தீ வராது, பேய் பிசாசு அண்டாதுன்னு நம்பிக்கை. நிபுணர் வந்து பாத்துட்டு அசந்து போயிட்டார். கவனிச்சீங்களா, எல்லாம் தாழ்வா இருக்கு? கீழ இருக்கறது சின்னக் குழந்தைக்கு. குழந்தை வளர வளர அப்பா மேல மேல வெச்சுக்கிட்டே போயிருக்கார். என்ன பாசம் பாருங்க!"

தூணுக்குப் பக்கத்தில் அழகான அட்டை ஒன்று தொங்கியது. 'இங்கே உறங்கிய குழந்தைகளைத் தீமை அண்டாதிருக்க, அன்புள்ள பெற்றோர் இட்ட காப்புக் குறிகள்.' நாங்கள் எல்லோரும் 'அடடா' என்றோம். நானும்தான். திரும்பிப் பார்த்தால் மேவிஸைக் காணோம்.

தோட்டத்தில், நீலச் செடிப் பாத்தி ஓரத்தில் மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். களையோடு செடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே, அது களையில்லடி!"

"அந்த அட்டைய எடுக்கணும் நோரா."

"எந்த அட்டை?"

"தூண் பக்கத்துல தொங்குதே. அது பொய்."

"ரூபர்ட் சொல்றதுல பாதி பொய்தான். அதுக்காக நீ ஏன் என் செடியப் பிடுங்கற?"

அவள் சிரிக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது எங்கப்பன் வெச்சது."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாடில நானும் பெரிலும் படுத்துக்குவோம். அம்மா போனப்புறம் அவன்தான் எல்லாம். லைட்டு கீழ மட்டும்தான் இருந்துச்சு. மேல வந்தா மெழுகுவத்தியோட வருவான். யாராவது ஒருத்தி ஏதாவது பண்ணியிருப்போம். தட்ட ஒடச்சிருப்போம், இல்ல குதிரைப் பந்தயத்துல அவன் தோத்திருப்பான். தூணுல முதுக ஒட்டி நிக்கணும். காதுக்குப் பக்கத்துல மரத்துல தீயப் பிடிப்பான். மரம் நல்லா கருகற வரைக்கும் அசையக் கூடாது. நீ அசைஞ்சா தீயும் அசையும்பான்."

"மேவிஸ்..."

"பெரில் ஒரு தடவ அசைஞ்சுட்டா."

பெரிலை எனக்கு முப்பது நாற்பது வருஷமாகத் தெரியும். இடது பக்கம் முடியை இறக்கி விட்டுத்தான் வாருவாள். கடற்கரைக் காற்றில் எங்கள் எல்லோருடைய முடியும் பறக்கும்போது அவள் மட்டும் ஒரு கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பாள். பெரிய அழகி என்று நினைப்பு என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள்.

"வளர வளர மேல மேல போச்சுன்னு சொன்னாரே உங்க ரூபர்ட்," என்றாள் மேவிஸ். "காது மேல போச்சு. அதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து மறுபடி கொன்றிருப்பேன். "அவனுக்கு நல்ல சாவா வந்துச்சு?" என்றேன்.

"தூக்கத்துலயே போயிட்டான். சர்ச் கொள்ளாத கூட்டம். வில்ஃப் காப் மாதிரி ரெண்டு பொண்ணுங்கள ஒத்தையா நின்னு வளத்தவன் உண்டான்னு ஊரே பேசுச்சு."

"ரூபர்ட்கிட்ட போய் எல்லாத்தயும் சொல்லு. அட்டை தானா எறங்கும்."

"எங்கப்பன் வெச்சதுன்னு சொல்லுவேன். அது போதும். ஒரு அட்டைய எறக்கறதுக்கு எங்க காதத் தூக்கிக் காட்டணுமா அவருக்கு? வேற ஒண்ணும் கேக்கல நோரா. அன்புள்ள பெற்றோர்னு அங்க தொங்கக் கூடாது. பெரில் நின்ன எடம் அது."

மறுநாளே கேட்டாள். ரூபர்ட் அடுப்படியில் நின்று ஆலன் காலத்து ரொட்டியை நவீனக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். மேவிஸ் சொல்லச் சொல்ல அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உயரமானவர்கள் கிழவிகளிடம் பேசும்போது அப்படித்தான் சாய்ப்பார்கள்.

"அடடா, நீங்க இங்கயே குடியிருந்தவங்களா! இத ஏன் மொதல்லயே சொல்லல, மேவிஸ் டியர்?"

"அது எங்கப்பா வெச்சதுங்க. மெழுகுவத்தியால. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். அந்த அட்டைய எடுத்துடுங்க."

"பாருங்க, நினைப்புங்கறது வேடிக்கையான சமாச்சாரம். உங்கப்பா அந்தப் பழைய குறிங்கள விரல் வெச்சுத் தொட்டுக் காட்டியிருப்பார். கையில மெழுகுவத்தி இருந்திருக்கும். சின்ன வயசு மனசு ரெண்டையும் முடிச்சுப் போட்டுக்கும். நிபுணர் தெளிவா ஐந்நூறு வருஷம்னு சொல்லிட்டார்."

"நிபுணர் அங்க இருந்தாராங்க?"

ரூபர்ட் பெருந்தன்மையாகச் சிரித்தார். "ரொம்ப நல்லாக் கேட்டீங்க. குழுக் கூட்டத்துல இதப் பத்திக் கண்டிப்பா யோசிக்கறோம். ஆனா இந்த செங்குத்துப் படி உங்க முழங்காலுக்கு ஆகாது. நீங்க கீழ தேநீர் மேசையப் பாத்துக்கங்க, சரியா? உங்க எலுமிச்சை கேக்குக்கு ஊரே அடிமை."

இப்படியாக, நடை பழகும் முன்னே தவழ்ந்து ஏறிய படிக்கு மேவிஸ் தகுதியில்லாதவள் ஆனாள். குழுக் கூட்டத்தில் யோசித்தார்களா என்று கேட்டேன். கழிப்பறைக்குக் கையுலர்த்தும் இயந்திரம் வாங்குவதைப் பற்றிப் பேசவே நேரம் சரியாகிவிட்டதாம்.

திறப்பு நாளில் நல்ல வெயில். தெரு முனை வரை கூட்டம். நான் தோட்டத்தில் மூத்திரக் கதையைத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் வெந்நீருக்காக உள்ளே போனால், தேநீர் மேசையில் ஆளில்லை. கேக் பாதி வெட்டியபடி கிடக்கிறது. வரிசையில் நின்றவர்கள் மணியடிக்கலாமா என்று தங்களுக்குள் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் எங்கே போயிருப்பாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அறை நிறைய ஜனம். சுவரோரமாக பேட்டரி மெழுகுவர்த்திகள் பொய்யாக நடுங்கிக்கொண்டிருந்தன. மர வீடு, கூரை வைக்கோல், உண்மைத் தீ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தூணில் முதுகை ஒட்டி நின்ற மேவிஸின் கையில் எரிந்தது உண்மையான மெழுகுவர்த்தி. கரண்ட் போனால் ஏற்றுவதற்கு எல்லோர் வீட்டிலும் கிடக்குமே, அந்த வெள்ளை மெழுகுவர்த்தி.

"இந்த அட்டைல இருக்கறது பொய்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் அவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதில்லை. "இத வெச்சது எங்கப்பன். வில்ஃப் காப். இந்தா, கீழ இருக்கே, இது எனக்கு. அது பெரிலுக்கு. மேல இருக்கறதும் பெரிலுக்கு, அப்ப அவளுக்குப் பத்து வயசு இருக்கும். இப்படி நிக்கணும். இப்படித்தான் பிடிப்பான்."

தீயைத் தன் காதருகில் தூணோடு சேர்த்துப் பிடித்தாள். மரம் முதலில் பழுப்பேறியது, அப்புறம் கறுத்தது, அப்புறம் அந்த வாடை வந்தது. தலைத் துணியின் ஓரம் சுருங்குவதைப் பார்த்தேன். பாய்ந்து போய் ஊதி அணைத்திருக்கலாம். அவள் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

"அழக் கூடாது," என்றாள். "அழுதா மறுபடியும் மொதல்லேர்ந்து. பெரில் அழவே மாட்டா. போன குளிர்ல செத்துட்டா, அப்பவும் அழல. அவ்வளவுதான்."

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எல்லோரும்தான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் மேவிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சும்மா! எந்த நாடகக் குழு நீங்க?"

"இல்லீங்க... நெசமா நடந்ததுங்க இது," என்றாள் மேவிஸ்.

"பாத்தீங்களா, இப்பக்கூட விட்டுக் கொடுக்க மாட்டேங்கறாங்க! அந்த ஆளாவே மாறிடறாங்க!" என்று அந்த அம்மாள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் நின்ற ஒருவர், அடுத்த காட்சி எத்தனை மணிக்கு, தன் மனைவி தோட்டத்தில் நின்றுவிட்டாள், அவளும் பார்க்க வேண்டும் என்றார்.

"நாடகமும் இல்ல, மண்ணும் இல்ல!" என்று நான் கத்தினேன். "இவ பேரு மேவிஸ் காப். இவ இந்த வீட்டுல வளந்தவ. இவ சொன்னது அத்தனையும் சத்தியம்!" எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைத் துணி, கம்பளிப் பாவாடை, இடுப்புக் கயிறு. எனக்கும் கைதட்டினார்கள்.

வாடை பிடித்துக்கொண்டு ரூபர்ட் மேலே வந்தபோது அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தீயணைப்பு, காப்பீடு, ஐந்நூறு வருஷத்து மரம் என்று பார்வையாளர்கள் போன பிறகு புலம்பித் தீர்த்தார். நான் விடவில்லை. மேவிஸை நாற்காலியில் உட்கார வைத்து, மொத்தத்தையும் அவரிடம் சொல்ல வைத்தேன். பெரிலின் காதுவரை சொன்னாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், ரூபர்ட்டின் கண் கலங்கியது. அவள் தோளில் கை வைத்து, "உங்க பேச்ச நான் மொதல்லயே கேட்டிருக்கணும்," என்றார். நிபுணரைக் கேட்டு உடனே சரிசெய்வதாக வாக்குக் கொடுத்தார். அன்று மேவிஸை நான் வீடுவரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம், "எடுத்துடுவார்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எடுத்துவிடுவார் என்றுதான் நானும் நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, கதவு திறக்கும் முன், ரூபர்ட் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பிறந்த நாளுக்குப் பரிசு வைத்திருப்பவர் மாதிரி முகம். மாடிப்படியில் மேவிஸுக்குக் கை கொடுத்து ஏற்றினார். பழைய அட்டை இல்லை. அதே இடத்தில் அதைவிடப் பெரிதாக, தடித்த எழுத்தில் புது அட்டை தொங்கியது.

'இங்கே உறங்கிய குழந்தைகளைக் காக்க இட்ட தீக்குறிகள். இந்த அரிய வழக்கம் இவ்வீட்டில் மட்டும் நம் காலம் வரை அறுபடாமல் தொடர்ந்தது. கடைசியாக இக்குறிகளை இட்டவர் திரு. வில்ஃப்ரெட் காப், இரு மகள்களைத் தனியாக வளர்த்த தந்தை. தகவல்: அவருடைய மகள் மேவிஸ்.'

"நிபுணர் ஃபோன்லயே துள்ளிக் குதிச்சுட்டார்," என்றார் ரூபர்ட். "இப்படி ஒரு தொடர்ச்சி வேற எங்கயுமே கிடைச்சதில்லயாம். அந்த... அந்த மத்த விஷயம் குடும்பத்தோட வர்ற எடத்துல வேண்டாமேன்னு குழுவுல எல்லாரும் நெனச்சாங்க. நீங்களும் அதத்தான் விரும்புவீங்க. ஆனா உங்க குடும்பத்து பேரு இனிமே இந்த வீட்டுல நிக்கும். ஆலனுக்குப் பக்கத்துலயே!"

மேவிஸ் அட்டையைப் படித்தாள். உதடு அசைய அசைய, ஒவ்வொரு சொல்லாக. அப்பன் பெயர் வந்த இடத்தில் நின்று, திரும்பவும் மேலிருந்து படித்தாள். அவள் தூணருகே நின்றுகொண்டிருந்தாள். முதுகு மரத்தில் பட்டும் படாமல் இருந்தது. ரூபர்ட் ஆவலாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் மேவிஸ்.

ரூபர்ட் பூரித்துப்போய் அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கதவைத் திறக்கக் கீழே ஓடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்து வழியாகத் தெருவுக்கு வந்தேன். வெளியே அதற்குள் வரிசை நின்றுவிட்டது. இருவரும் வேஷத்தோடே நடந்தோம். எங்களை யாரோ படம் எடுத்தார்கள்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று கத்தினேன். "அந்த ஆளுக்கு எதுக்குடி நன்றி சொன்ன? மூஞ்சில காறித் துப்பியிருக்க வேண்டாமா?"

மேவிஸ் நின்றாள். தன் வாயிலிருந்து வந்ததை அப்போதுதான் அவளே கேட்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்லலடி. அது தானா வந்துடுச்சு," என்றாள். "தீய எடுத்தப்புறம் அப்பனுக்கு நன்றி சொல்லணும். சொன்னாத்தான் தூண விட்டு நகர விடுவான்."